எறும்பைத் திருப்பிவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர்

கரிசல் காட்டின் நடுவில் புழுதிச்சாமி மடம் என்று ஒன்று இருந்தது. மடம் என்றதும் கோபுரம், கல்மண்டபம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சமாதி, ஒரு வேப்பமரம், ஒரு சமையல்கட்டு, படுக்க ஒரு நீளமான கொட்டகை. அவ்வளவுதான்.

சாமி உயிரோடு இருந்த காலத்தில் பெரிய பஞ்சம் ஒன்று வந்ததாம். மழைக்கு என்ன செய்யலாம் என்று ஊரார் வந்து கேட்டார்கள். சாமி யாகம் வளர்க்கச் சொல்லவில்லை.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரு நேரம் சாப்பிடுங்க. தலைக்கு மேல கூரை வேண்டாம். ஒருத்தன் சாப்பிட்டு முடிக்காம இன்னொருத்தன் எந்திரிக்கக் கூடாது" என்றாராம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் சாமியின் குருபூசையன்று ஊர் முழுக்க மடத்துப் பொட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. பந்தலும் கிடையாது, படுதாவும் கிடையாது. கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை முதல் ஆள் எழ முடியாது.

மழை கேட்டு நடக்கிற விழாதான். ஆனாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே. "மழை வேணும் சாமி" என்று சத்தமாகக் கும்பிட்டுவிட்டு, "சாப்பிட்டு முடிச்சப்புறம்" என்று உதட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். சாமியும் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடுவார்.

மடத்தைக் கவனித்துக்கொண்டவர் சண்முகத்தாய். நாற்பது வயதுக்காரர். சிறு பெண்ணாக வாசல் தெளிக்க வந்தவரிடம், முன்பு மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாமியார் ஒருநாள் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏன் இந்தப் பெண்ணிடம் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் மனசு லேசாகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவருடைய சீடர் ஆவுடையப்பன். சீடருக்குக் குருவைவிட இருபது வயது அதிகம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு கொஞ்சகாலம் மகன் வீட்டில் இருந்து பார்த்தார். அங்கே சாப்பாடு எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு மடத்துக்கு வந்துவிட்டார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். அவர் குருவை "அம்மா" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

வேலை பார்த்த காலமெல்லாம் ஜனங்கள் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். வண்டி எப்போ வரும்? அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். தெரியாது என்று சொல்வது, சட்டை போடாமல் பிளாட்பாரத்தில் நிற்பதுபோல அவருக்குக் கூசும்.

மடத்தில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு பந்தி விசாரணை. யார் எங்கே உட்கார்வது, எப்போது இலை போடுவது, எப்போது சோறு போடுவது எல்லாம் அவர் கையசைத்தால்தான் நடக்கும். போன வருஷம் இலை போடுகிற நேரம் பார்த்து மேற்கே கறுத்தது. ஆவுடையப்பன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டார். மழை விட்டதும் உட்காரலாம் என்றார்.

வராத மழை எப்படி விடும்? ஊர் காத்திருந்தது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. சோறு ஆறி, குழம்பு ஆடை கட்டி, அப்பளம் நமுத்துப்போனது. சமையல்காரர் இசக்கிமுத்து கரண்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கியே போனார். கடைசியில் மேகம் கலைந்து பளீரென்று வெயில் அடித்தது.

அந்த அவமானம் ஆவுடையப்பனுக்கு ஆறவில்லை. மறுநாள் விடிந்ததும் குருவிடம் போனார்.

"அம்மா, மழை வருமா வராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சண்முகத்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். உள்ளங்கையை வானத்தைப் பார்த்து நீட்டினார்.

"நனைஞ்சா வருதுன்னு அர்த்தம்" என்றார்.

"அது வந்தபிறகு தெரியுறதும்மா. எனக்கு வர்றதுக்கு முந்தியே தெரியணும்."

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"இத்தனை வருஷமாத் தியானத்துல உட்காருறீங்க. ஒரு மழைகூடவா தெரியல?"

"ஒரு தூறல்கூடத் தெரியல" என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

குருவுக்குத் தெரியாவிட்டால் என்ன, நாம் தெரிந்துகொள்வோம் என்று ஆவுடையப்பன் களத்தில் இறங்கினார். மார்கழியில் மேகம் கருக்கொள்கிற நாட்களைப் பார்த்து அடுத்த வருஷத்து மழையைச் சொல்கிற கர்ப்போட்டம் என்ற கணக்கு ஒன்று உண்டு. அந்தக் குளிரில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தினமும் கொட்டகைக் கூரையில் ஏறி உட்கார்ந்து மேகம் பார்த்தார். பஞ்சாங்கம் வாங்கினார். மகனிடம் சொல்லிப் போனில் மூன்று வானிலை ஆப்களை இறக்கிக்கொண்டார். தும்பி தாழப் பறக்கிறதா, தவளை எங்கே கத்துகிறது, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறதா என்று கண்ணும் காதும் அதிலேயே கிடந்தன.

ஆடியில் ஒரு தூறலைச் சொன்னார். வந்தது. ஆவணியில் ஒரு சூறைக்காற்றைச் சொன்னார். அடித்தது. நடுவில் நாலைந்து தப்பியும் போனது. ஆனால் அதை ஊர் மறந்துவிட்டது. அவரும் நினைவுபடுத்தப் போகவில்லை.

கொஞ்சநாளில் "மாஸ்டர் சொல்லியாச்சா?" என்பது ஊர்ப்பேச்சாகிவிட்டது. மிளகாய் வற்றல் காயப்போடுகிறவர்கள் அவரைக் கேட்டுக் காயப்போட்டார்கள். வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறவர்கள் அவரைக் கேட்டு நாள் குறித்தார்கள். மழைக்கு முந்தி எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும், அதைவிட நிச்சயமான அடையாளம் வேறு இல்லை என்று டீக்கடையில் அவர் பாடமே நடத்தினார். ஆவுடையப்பனின் நடையில் பழைய பிளாட்பாரத்து நிமிர்வு திரும்ப வந்திருந்தது.

இசக்கிமுத்துக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"மாஸ்டரே, இன்னைக்கு ரசம் கொதிக்குமா? மேகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா அடுப்பைப் பத்தவச்சிருவேன்" என்பார்.

"நீ பத்தவையிடா. அதுக்கு எதுக்கு மேகம்?" என்பார் ஆவுடையப்பன். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போவார்.

புரட்டாசி பிறந்தது. குருபூசைக்கு நாள் நெருங்க நெருங்க எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் எல்லாக் கணக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு டீக்கடை வாசலில் நின்று சொன்னார்.

"குருபூசையன்னைக்கு ஒரு பொட்டு மழை கிடையாது. அதுக்கப்புறமும் ஐப்பசி பிறக்குற வரைக்கும் கிடையாது."

சாப்பாட்டை நினைத்துப் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். விதைக்க வேண்டிய காட்டை நினைத்துப் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

அன்று மாலை முத்துப்பேச்சி மடத்துக்கு வந்தார். தோளில் மம்பட்டி இருந்தது. வீட்டுக்காரர் இறந்தபிறகு வானம் பார்த்த காட்டைத் தன்னந்தனியாக உழுது விதைத்துப் பிழைக்கிற பெண். போன வருஷத்து மழையில் அவர் காட்டு வரப்பு ஒரு பக்கம் உடைந்துபோயிருந்தது. அதை அடைக்காவிட்டால் பெய்கிற தண்ணீரெல்லாம் அந்த உடைப்பு வழியாக ஓடைக்குப் போய்விடும். மண்ணில் தங்கினால்தான் உளுந்து. ஓடிவிட்டால் அந்த வருஷத்துக்குக் கஞ்சி கிடையாது.

"மாஸ்டரய்யா, நெசமாவே மழை இல்லையா?"

"இல்லை."

"இல்ல, எங்காட்டு வரப்பை அடைக்கலாம்னு கெளம்பினேன். இங்க அரிசி புடைக்க ஆளு பத்தலைன்னு இசக்கிமுத்து அண்ணன் கூப்பிடுறாரு. எங்க போகன்னு தெரியல."

"அரிசி புடைக்க வாங்க. வரப்பு எங்க ஓடிறப் போகுது? ஐப்பசி பிறந்ததும் நிதானமா அடைச்சுக்கலாம்."

"நெசமாவா?"

"என் பேச்சை நம்புங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்று முத்துப்பேச்சி மம்பட்டியைச் சமையல்கட்டு மூலையில் சாய்த்து வைத்தார். முறத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சண்முகத்தாய் சமாதிக்கு விளக்கேற்ற வந்தவர், இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ஆவுடையப்பனை அழைத்தார்.

"அண்ணாச்சி, மழை வராதுன்னு சொன்னீகளாமே."

"ஆமாம்மா. கணக்கெல்லாம் ஒத்து வருது."

"சரி. நீங்க சொன்னது நடக்கணும்னு ஆசைப்படுறீகளா?"

"நடக்கும்மா. சந்தேகமே வேண்டாம்."

"நடக்குமான்னு கேக்கல. உங்களுக்கு அது நடக்கணுமா?"

ஆவுடையப்பனுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது.

"நடந்தாத்தானேம்மா நாளைக்கு நாலு பேர் நம்புவாங்க" என்றார்.

சண்முகத்தாய் தலையை ஆட்டினார். திரியைத் தூண்டிவிட்டுப் போய்விட்டார்.

குருபூசைக்கு முதல்நாள் காற்று சுத்தமாக நின்றுபோனது. வியர்வை வழிந்தது. சமையல்கட்டு வாசலில் தும்பிகள் இடுப்பு உயரத்துக்குப் பறந்தன. ஆவுடையப்பன் அவற்றைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனை எடுத்துப் பார்த்தார். முந்தின நாள்வரை மூன்று ஆப்களிலும் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றில் மேகம் வந்திருந்தது. டவர் சரியில்லை என்று அதை அழித்தார். இரண்டாவதில் மேகத்துக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஏதோ இருந்தது. அதையும் அழித்தார். மூன்றாவதைத் திறக்கவே இல்லை.

அப்போதுதான் எறும்புகள் கண்ணில் பட்டன.

சமையல்கட்டுச் சுவரில், தரையிலிருந்து மேலே, நூல் பிடித்த மாதிரி ஒரு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளை வெள்ளையாக முட்டை. டீக்கடையில் ஆவுடையப்பன் நடத்திய பாடம் அவர் கண்முன்னாலேயே சுவர் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்துவிட்டால்? அங்கே பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முத்துப்பேச்சி வேறு வந்துகொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்தார். ஒரு கை அள்ளிச் சுவரில் குறுக்கே தூவினார். எறும்பு வரிசை தடுமாறியது, கலைந்தது, முட்டைகளோடு வந்த வழியே கீழே இறங்கியது. இத்தனை வருஷம் ரயிலுக்குச் சிவப்புக் கொடி காட்டினவர் அன்றைக்கு எறும்புக்கு மஞ்சள்பொடி காட்டினார்.

முத்துப்பேச்சி பூசணிக்காயை வைத்துவிட்டு ஒன்றும் கவனிக்காமல் போனார். ஆவுடையப்பன் மூச்சு விட்டுக்கொண்டு திரும்பினார். பின்னால் சண்முகத்தாய் நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கையெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"சாம்பாருக்கு எடுத்துக் கொடுத்தேன்மா."

"நாளைக்கு வைக்கப்போற சாம்பாருக்கு இன்னைக்கேவா?"

ஆவுடையப்பன் கையை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் மஞ்சளானது. சண்முகத்தாய் சுவரைப் பார்த்தார், தரையில் சுற்றிச் சுற்றி வந்த எறும்புகளைப் பார்த்தார்.

"நாலு எறும்பைத் திருப்ப ஒரு கைப் பொடி ஆயிருக்கு. மேகத்தைத் திருப்ப எவ்வளவு ஆகும்னு இசக்கிமுத்துகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. நாளைக்குச் சாம்பாருக்கு வேணுமில்ல" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார். ஆவுடையப்பனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

அந்த நேரத்திலாவது முத்துப்பேச்சியிடம் போய், மம்பட்டியை எடுங்க, வரப்பைப் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனார். வார்த்தை வாய்வரை வந்தும்விட்டது. பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி பக்கத்துப் பெண்ணிடம், "மாஸ்டரய்யா சொன்னாச் சொன்னதுதான். அதான் நான் வரப்புப் பக்கமே போகல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் வந்த வார்த்தை வந்த வழியே உள்ளே போய்விட்டது. மாஸ்டரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, இரண்டு போடு போடலாம் என்று கோபமும் வருகிறது.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஒரு துணுக்கு மேகம் இல்லை. ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புது வேட்டி கட்டினார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "பாத்தீங்களா?" என்று வானத்தைக் காட்டினார். அதைத் தானே செய்துவைத்த மாதிரி இருந்தது அவர் காட்டிய விதம்.

பூசை முடிந்தது. "மழை வேணும் சாமி" என்று ஊர் ஒரே குரலில் கும்பிட்டது. பொட்டலில் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் கையசைக்க இலை விழுந்தது. இன்னொரு முறை கையசைக்கச் சோறு விழுந்தது. பரிமாறினவர்களும் கடைசியில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். அதன்பிறகு வேண்டியதைச் சட்டியையும் வாளியையும் கைமாற்றிக் கைமாற்றி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆவுடையப்பன் முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்வரிசையில் சண்முகத்தாய்.

சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசையப் போன ஆவுடையப்பனின் கை அப்படியே நின்றது.

மேற்கே, பனைமரங்களுக்கு மேலே, ஒரு மேகம் வந்திருந்தது. சின்னது. பொரித்த அப்பளம் அளவுதான் இருக்கும். ஆவுடையப்பன் அதையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்று வந்தது. அதன் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு கூட்டமே வந்தது. காற்று சில்லென்று அடித்தது. எங்கேயோ மண் நனைந்த வாசனையும் கூடவே வந்தது.

ஊர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தது. ஒவ்வொரு முகமாக மலர்ந்தது.

"போ" என்றார் ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு. "போயிரு. அப்படியே போயிரு."

"யாரை மாஸ்டரய்யா போகச் சொல்றீக?" என்றார் முத்துப்பேச்சி.

"நாய் ஒண்ணு நின்னுச்சு."

"நாயைக் காணலையே."

"போயிருச்சு."

சோற்றுக்கு மேலே நின்றிருந்த அவருடைய உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பெரிய சொட்டு. அவர் கையை மூடிக்கொண்டார். மூடின கையின் மேல் இன்னொன்று விழுந்தது.

பிறகு கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை.

பொட்டல் முழுக்க ஒரு கூச்சல் கிளம்பியது. ஒருவரும் எழவில்லை, எழவும் முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார்கள். இலையில் தண்ணீர் குளம் கட்டியது. பாயசம் பெருகி ஓடியது. ஒரு கிழவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதார்.

"சாம்பார் பத்தாதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்!" என்று இசக்கிமுத்து கத்தினார். "சாமியே தண்ணி ஊத்திட்டாரு!"

சிரிப்புக்கு நடுவில் முத்துப்பேச்சியின் முகம் திடீரென்று மாறியது.

"எங்காட்டு வரப்பு!"

பாதி எழுந்துவிட்டார். பந்தி நினைவுக்கு வரவே சட்டென்று உட்கார்ந்தார். மிச்சச் சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டு, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, இலையை மடித்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. முத்துப்பேச்சி காட்டில் உடைப்பு, தண்ணி ஓடுது, சீக்கிரம், சீக்கிரம். இலைகள் படபடவென்று மடிந்தன. பல்லில்லாத கிழவிகூட முடித்துவிட்டாள்.

ஒரே ஒரு இலை மட்டும் மடியாமல் இருந்தது.

ஆவுடையப்பன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு மிதந்தது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. புது வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. நெற்றித் திருநீறு கரைந்து மூக்கு வழியாகச் சொட்டியது.

"மாஸ்டரே, சாப்பிடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"மாஸ்டரய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரெண்டு வாய் தின்னுட்டு இலையை மடிங்க. நான் ஓடணும்" என்றார் முத்துப்பேச்சி.

ஆவுடையப்பன் ஒரு கவளத்தை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். திரும்ப இலையில் வைத்துவிட்டார். ஊரே நனைந்துகொண்டு அவருக்காகக் காத்திருந்தது.

சண்முகத்தாய் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இலையும் எப்போதோ மடிந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"நான் சொன்னது பொய்யாப் போச்சும்மா. இத்தனை பேருக்கு முன்னாடி இனி எப்படித் தலை நிமிர்வேன்?"

"நிமிந்துதான் பாருங்களேன்."

ஆவுடையப்பன் மெல்ல நிமிர்ந்தார்.

அவர் தப்பை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்ததெல்லாம் அவர் இலையைத்தான். எல்லோர் முகத்திலும் தண்ணீர் வழிந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக் குடித்தன. அழுத கிழவர் இப்போது சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடக் கால் விரலை ஊன்றிக்கொண்டு இருப்புக்கொள்ளாமல் தவித்த முத்துப்பேச்சிகூட, தவிப்புக்கு நடுவே முகத்தைத் தூக்கி மழையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்" என்றார் சண்முகத்தாய். "நீங்க சொன்னது நடக்கணுமான்னு."

ஆவுடையப்பன் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மெல்லச் சிரித்தார்.

"நல்லவேளை, நடக்கலம்மா" என்றார்.

கவளத்தை எடுத்து வாயில் போட்டார். இந்தமுறை இறங்கியது. விழுங்கிவிட்டு முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பினார்.

"தாயி, நேத்தே எனக்குத் தெரியும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு ஏறிச்சு. நான் உங்ககிட்டச் சொல்லல. மஞ்சள்பொடி போட்டுத் திருப்பிவிட்டுட்டேன்."

முத்துப்பேச்சி அவரை முறைத்தார்.

"அதுக்கு ஒங்களை நல்லா நாலு வார்த்தை கேப்பேன். இப்ப இல்ல. இப்பச் சோத்தை உள்ள தள்ளுங்க!"

பொட்டலே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார், புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"இந்தப் பொம்பளைக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்?"

"பதிலை அப்புறம் பாத்துக்கிடலாம். சட்டுன்னு சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார் சண்முகத்தாய். "மம்பட்டி சமையக்கட்டு மூலையில இருக்கு."